துரை பங்களாத் தட்டும் 180 கிராம் தட்டும்

போன தீபாவளிக்கு அக்கா மகன் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்தபோது பையில் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தான். பீட்டில்ஸ் குழுவின் தட்டு, புதிதாக அச்சடித்தது. உறையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "மாமா, இது 180 கிராமாம். தூக்கிப் பாருங்க, என்ன பாரம்" என்றான்.

அதே தட்டின் பழைய அச்சு எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. அப்பா தோட்டத்து ஒபிசில் கிளார்க்கராக இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, சீமைக்குத் திரும்பிய துரை பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார். அப்பா, ரேடியோவும் தட்டுப் பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஒரு ரேடியோகிராமையும் ஒரு கட்டுத் தட்டுகளையும் வாங்கி, கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை என்பது வேறு கதை.

"எது நல்லா இருக்கும் மாமா? பழசுதான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"பழசுதான்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அடுத்த மூன்று நாள் மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாமல் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். அதில் நான் கற்றுக்கொண்டதும், ஏற்கெனவே தெரிந்தும் மறந்திருந்ததும்தான் இந்தக் கட்டுரை. தட்டு வாங்கத் தொடங்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும், அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

தட்டு பிறக்கும் கதை

ஸ்டூடியோவில் பாடியதும் வாசித்ததும் முதலில் காந்த நாடாவில் பதிவாகிறது. கலவை எல்லாம் முடிந்து கடைசியாகக் கிடைக்கும் நாடாவைத்தான் மாஸ்டர் டேப் என்கிறார்கள். அடுத்தது வெட்டுதல். அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசிய மெத்தென்ற ஒரு தட்டில், கூரான வெட்டூசி சத்தத்துக்கு ஏற்றபடி அசைந்து அசைந்து பள்ளம் தோண்டும். இந்த வேலை செய்பவர் வெறும் மெஷின் ஓட்டுநர் இல்லை. பேஸ் என்ற கனத்த கீழ்ச்சத்தத்தை எவ்வளவு விடலாம், 'ஸ்' 'ஷ்' என்று சீறும் இடங்களை எவ்வளவு அடக்கலாம், 20 நிமிடப் பாட்டை ஒரு பக்கத்துக்குள் எப்படி அடைக்கலாம் என்றெல்லாம் முடிவு செய்வது அவர்தான். ஒரே நாடாவை இரண்டு பேர் வெட்டினால் இரண்டு விதமாகக் கேட்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம்.

வெட்டிய லாக்கரின் மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் வளர்த்து, உரித்தெடுப்பார்கள். அது கொழுக்கட்டை அச்சு மாதிரி, பள்ளம் இருந்த இடத்தில் மேடு இருக்கும். அதைத் தந்தைத் தகடு என்பார்கள். அதிலிருந்து தாய்த் தகடு, தாயிலிருந்து அச்சுத் தகடு. பிறகு இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவில் சூடான பிவிசி (வினைல் பிளாஸ்டிக்) உருண்டையை வைத்து அழுத்தினால் தட்டு. ஓர் அச்சுத் தகடு சில நூறிலிருந்து ஆயிரம் சொச்சம் தட்டு வரை தாங்கும், பிறகு தேய்ந்துவிடும். முதல் ஐம்பதில் வந்த தட்டும் கடைசி ஐம்பதில் வந்த தட்டும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டும் ஒரே வருடத்துத் தட்டுகள்தான்.

பள்ளத்தின் அளவையும் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் அந்த ஒற்றைப் பள்ளத்தை இழுத்து நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும். அகலமோ தலைமுடிக்கும் குறைவு. ஸ்டீரியோ என்றால் பள்ளத்தின் இரண்டு சுவரிலும் இரண்டு சத்தம்: உள்சுவரில் இடது, வெளிச்சுவரில் வலது. ஊசி இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டு போகிறது. இவ்வளவு நுணுக்கமான இடத்தில் ஒரு தூசி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தட்டின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று, மாறாது. ஆனால் வெளி விளிம்பில் ஊசியின் கீழே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் பள்ளம் ஓடும்போது, லேபிளுக்குப் பக்கத்தில் ஓடுவது 21 சென்ரிமீற்றர்தான். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் எந்தத் தட்டிலும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு முதல் பாட்டை விடக் கொஞ்சம் கரகரக்கும். இன்றைய மறுஅச்சுகள் சிலவற்றில் ஒரே ஆல்பத்தை இரண்டு தட்டாக, 45 வேகத்தில் போடுவது இதைச் சமாளிக்கத்தான்.

லேபிளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம்

பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் அதில் கீறிய எழுத்துகள் தெரியும். உறை, லேபிள், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் விட நான் நம்புவது இந்தக் கிறுக்கலைத்தான்.

துரையின் தட்டில் 'வை-இ-எக்ஸ்' என்று தொடங்கும் ஓர் எண், அதன் கடைசியில் 2. அந்தக் காலத்து இங்கிலாந்து ஈஎம்ஐ கம்பெனித் தட்டுகளில் இந்தத் தலைப்பெழுத்து வந்தால் ஸ்டீரியோ, 'எக்ஸ்-இ-எக்ஸ்' வந்தால் மோனோ, அதாவது இரண்டு சுவரிலும் ஒரே சத்தம். கடைசியில் இருக்கும் இலக்கம் எத்தனையாவது வெட்டு என்பது. இடப்பக்கம் தனியாக ஓர் இலக்கம், அது தாய்த் தகட்டின் வரிசை. வலப்பக்கம் 'ஆர் ஓ' என்று இரண்டு எழுத்து. இதுதான் வேடிக்கை. ஈஎம்ஐயின் கிராமபோன் கம்பெனி லிமிடெட் என்ற பெயரிலிருந்து பத்து ஆங்கில எழுத்தை எடுத்து, 1 முதல் 0 வரை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, இப்படியே போகும். ஆக 'ஆர் ஓ' என்றால் 25ஆவது அச்சுத் தகடு. மருமகன் இதைக் கேட்டதும் வீட்டிலிருந்த தட்டுகளை எல்லாம் இழுத்துப்போட்டு போன் டோர்ச்சில் வாசிக்கத் தொடங்கிவிட்டான். அன்று ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு.

வெட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. லெட் செப்பலின் குழுவின் இரண்டாவது ஆல்பம் 1969இல் அமெரிக்காவில் வந்தது. அதை பாப் லட்விக் என்ற இளம் பொறியாளர் தாராளமான சத்தத்தோடும் பேஸோடும் வெட்டினார்.  மலிவான பிளேயரில் போட்டால் ஊசி துள்ளியது. உடனே அந்த வெட்டை நிறுத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டவைத்தார்கள். இன்றைக்கு அந்த முதல் வெட்டை, வெற்று வளையத்தில் 'ஆர் எல்' (ராபர்ட் லட்விக், பாப் என்பது சுருக்கம்) என்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். இரண்டும் பழைய தட்டுகள், இரண்டும் ஒரே ஆல்பம். ஒன்றில் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், மற்றது சாதுவாகப் போகும். அப்புறம் "பழசுதான் நல்லது" என்றால் எந்தப் பழசு?

புதியவற்றிலும் சாதி உண்டு

பீட்டில்ஸையே எடுத்துக்கொள்வோம். 2012இல் வந்த ஸ்டீரியோ மறுஅச்சுகள் 2009இல் செய்த டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து, அதாவது நாடாவின் சத்தத்தை எண்களாக மாற்றிய கணினிப் பதிவிலிருந்து, வெட்டப்பட்டவை. 2014இல் வந்த மோனோப் பெட்டியோ டிஜிட்டல் பக்கமே போகாமல் பழைய நாடாவிலிருந்து நேராக வெட்டப்பட்டது. இரண்டு வருட இடைவெளியில், ஒரே ஸ்டூடியோவிலிருந்து, இரண்டு வழி. மருமகன் கொண்டுவந்தது 2012 வழி.

டிஜிட்டல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்று ஒரு கம்பெனி இருக்கிறது. மூல நாடாவிலிருந்து எடுத்த உயர்தரத் தட்டுகள் என்று பெயர் வாங்கியது. காது கூர்மையானவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு, "இதுதான் சுத்தமான அனலாக் சத்தம், டிஜிட்டலில் இது வராது" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். 2022இல்தான் தெரிந்தது, பல வருடங்களாகவே அவற்றில் பெரும்பகுதிக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று. கம்பெனி சொல்லாமல் விட்டது தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை வருடமும் அந்தப் பாராட்டுக்காரர்கள் காதில் அது உறைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

புதிய தட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று. சிடி வந்த பிறகு, என் பாட்டுத்தான் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குள் ஒரு போட்டி. அதற்காகச் சத்தத்தின் உச்சிகளை எல்லாம் அழுத்தி மட்டமாக்கினார்கள். தேயிலைச் செடியைத் தலைமட்டமாக வெட்டி, மலை முழுக்க ஒரே பாய் விரித்த மாதிரி நிறுத்துகிறோமே, அப்படி. செடிக்கு அது நல்லது, பாட்டுக்கு இல்லை. மெதுவாகப் பாடும் இடமும் ஓங்கி அடிக்கும் இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் மத்தளத்தில் விழுந்த அடிக்கு மதிப்பே இல்லை. சிடிக்காக இப்படி அழுத்திய மாஸ்டரை அப்படியே எடுத்துத் தட்டில் வெட்டிவிட்டால், அது 180 கிராம் இல்லை, 1 கிலோவாக இருந்தாலும் பயனில்லை.

அந்த 180 கிராமைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணத் தட்டு 120 முதல் 140 கிராம் இருக்கும். பாரமான தட்டு வளைவது குறையலாம், கையில் பிடிக்கவும் நன்றாக இருக்கும். பள்ளத்தின் ஆழமும் நுணுக்கமும் ஆனால் பாரத்தால் கூடுவதில்லை. அது ஸ்டிக்கருக்கு உதவும் எண். பழைய பக்கத்திலும் கோளாறு உண்டு: 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பிவிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மெலிந்த தட்டுகளும், பழையதை உருக்கிக் கலந்த இரைச்சல் தட்டுகளும் நிறையவே வந்தன.

நடு ஓட்டை சரியான இடத்தில் இல்லாத தட்டு இரண்டு காலத்திலும் வரும். அரை மில்லிமீற்றர் விலகினாலே நீண்ட சுரம் மெல்ல ஏறி இறங்கும். நாதஸ்வரத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். கார்வை பிடித்து நிற்கும் இடத்தில் ஊஞ்சல் ஆடுவது போல இருந்தால் வித்துவானைக் குறை சொல்லாதீர்கள்.

தேயிலைக்காரர் வந்து தீர்த்த வழக்கு

சரி, எங்கள் பரிசோதனைக்கு வருகிறேன். முதல் நாள் பழைய தட்டைப் போட்டோம், பிறகு புதியது. இருவருமே "பழசிலதான் உயிர் இருக்கு" என்று முடிவு கட்டினோம். இரண்டாம் நாள் மாலை, தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் குடையோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ருசி பார்க்கிற லட்சணம் இதுதானா?" என்று கேட்டார்.

தேயிலை ருசி பார்க்கும் மேசையை நீங்கள் பார்த்திருக்கலாம். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நிமிடக் கணக்கு. ஒன்றுக்குத் தூள் கொஞ்சம் கூடினாலும் சாயம் தடித்துவிடும், ருசி பார்ப்பவரின் நாக்கு அதை நல்ல தேயிலை என்று ஏமாறும். "உங்க பழைய தட்டு சத்தம் கூட. அவ்வளவுதான். தூள் கூடப் போட்ட தேத்தண்ணி" என்றார்.

அவர் சொன்னது சரி. மனிதக் காதுக்கு, கொஞ்சம் சத்தம் கூடியது என்று பிடிபடாத அளவு கூடியிருந்தாலே, அது நல்ல தரமாகத் தோன்றும். போனில் சத்தம் அளக்கும் ஓர் அப்பைப் போட்டு, ஒரே பாட்டின் ஒரே இடத்தில் இரண்டு தட்டையும் அளந்தோம். பழையது கிட்டத்தட்ட 3 டெசிபல் கூட. அம்ப்ளிஃபயர் குமிழில் அதற்கேற்ப ஒரு பென்சில் கோடு போட்டார். பிறகு எங்கள் இருவரையும் ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, தானே தட்டை மாற்றினார். நாங்கள் 'ஒன்று', 'இரண்டு' என்று மட்டும் எழுத வேண்டும்.

முதல் சுற்றே பிசகியது. ஊசி இறங்கியவுடன் பழைய தட்டு பொரியரிசி வறுப்பது போலப் பொரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மருமகன் சிரித்துவிட்டான். பிறகு பாட்டின் நடுவில், எல்லா வாத்தியமும் முழங்கும் இடத்தில் ஊசியை இறக்கத் தொடங்கினார். அங்கே பொரிவது மறைந்துவிடும். பத்துத் தடவை கேட்டோம். எது பழையது என்று நான் சரியாகச் சொன்னது ஆறு, அவன் ஐந்து. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. அமைதியான இடங்களில் புதிய தட்டின் பின்னணி சுத்தம், மழை விட்ட ராத்திரி மாதிரி. பேஸும் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. பழையதில் குரல் ஒரு முழம் முன்னால் நிற்கிறது என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது, ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு அதை நிரூபிக்க முடியவில்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் சந்தேகமே இல்லை: பத்துக்குப் பத்தும் புதியதுதான். பழையதில் 'ஸ்' வரும் இடமெல்லாம் துணி கிழிகிற சத்தம்.

அந்தக் கிழிசலுக்கு அச்சடித்தவர் பொறுப்பில்லை, எங்கள் வீடுதான் பொறுப்பு. ரேடியோகிராமில் இருந்தது செராமிக் காட்ரிஜ் என்ற பழைய ரக ஊசித்தலை, 5, 6 கிராம் பாரத்தோடு பள்ளத்தில் உட்காரும். இன்றைய நல்ல ஊசி 2 கிராமுக்குள். போதாததற்கு, ஊசி துள்ளினால் அப்பா அதன் தலையில் ஒரு செப்புக் காசை வைப்பார். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டுகிறவர்களும் அதையேதான் செய்தார்கள். தேய்ந்த ஊசி, மேலே காசு, ஒரே பாட்டு நூறு தடவை. பழைய தட்டை வாங்கும்போது அச்சடித்த வருடத்தோடு சேர்த்து, அது யார் வீட்டில் என்ன பாடுபட்டது என்பதையும் வாங்குகிறீர்கள். கடையில் வெளிச்சத்தில் பளபளப்பாகத் தெரிந்தால் போதாது. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

உங்கள் பக்கத்துக் கோளாறுகள்

தட்டைக் குறை சொல்வதற்கு முன் பிளேயரைப் பாருங்கள். தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சுச் சத்தத்தைக் கூட்டி வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பேஸ் பள்ளம் அகன்று இடத்தைத் தின்றுவிடும். கேட்கும்போது அம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதிய வாய் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்யும். 1954 முதல் ஆர்ஐஏஏ என்ற ஒரே கணக்கு இதற்கு உண்டு. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. புதிதாக வாங்குகிறவர்கள் பிளேயரைச் சாதாரண ஆக்ஸ் வாயில் செருகிவிட்டு, "பேஸே இல்லை, தகர டப்பாச் சத்தம்" என்று தட்டைத் திட்டுவது தினமும் நடக்கிறது.

என் பிளேயர் கண்டியில், ஜப்பான் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. 100 வோல்ட் என்பதால் டிரான்ஸ்போமர் வேண்டும் என்று தெரியும், அதை வாங்கிக்கொண்டேன். மோட்டர் 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கானது என்பதைக் கவனிக்கவில்லை. நமக்கு வருவது 50. அந்த மாதிரி மோட்டர் மின்சாரத்தின் தாளத்துக்கு ஓடுவதால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். முதல் பாட்டுப் போட்டபோது பாடகருக்குத் தடிமன் பிடித்திருப்பதாக நினைத்தேன். பெல்ட் ஓடும் சின்னச் சக்கரத்தை மாற்றிய பிறகுதான் அவருக்குக் குணமாயிற்று.

அப்புறம் நம் ஞாபகம். இதை யாரும் சொல்வதில்லை. மலையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குப் பழைய பாட்டின் சத்தம் என்றால் இரண்டு சத்தம்தான்: இலங்கை வானொலி வர்த்தக சேவை மத்திய அலையில் கேட்டது, திருவிழாவில் சவுக்கு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டது. மத்திய அலையில் கீச்சுச் சத்தம் பெரும்பகுதி வராது, குழாயில் பேஸ் வராது. நடுவிலிருக்கும் குரல் மட்டும் தெளிவாக வரும். அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் "பழசோட இனிமை" என்று மனதில் வைத்திருக்கிறோம். நல்ல மறுஅச்சைக் கேட்டால் முதலில் ஏமாற்றமாக இருக்கும், இவ்வளவு பேஸ் எங்கிருந்து வந்தது என்று. அது முதலிலிருந்தே பள்ளத்தில் இருந்ததுதான், நம் வானொலிப் பெட்டிக்குத்தான் எட்டவில்லை.

தமிழ்த் தட்டுகள்

நமக்கு வந்த தமிழ்த் தட்டுகளில் பெரும்பகுதி கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை, எச்எம்வி நாய்ப் படத்தோடு. பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட 1960களின் நடுப்பகுதி வரை 78 வேகத் தட்டில் அச்சடித்த தொழிற்சாலை அது. மற்ற நாடுகள் 78ஐ மறந்துவிட்ட காலம். சாவி கொடுக்கும் பெட்டிகள் இந்தியாவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தனவே! அந்தத் தட்டுகளுக்கு இன்று வெளிநாட்டில் கிடைக்கும் விலை தனி.

தமிழ் சினிமாப் பாட்டுகளின் மறுஅச்சு வாங்கும்போது நான் ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன்: எதிலிருந்து எடுத்தார்கள்? மூல நாடா பத்திரமாக இருந்தால் புதிய அச்சு பழையதைத் தோற்கடிக்கலாம். நாடா ஈரத்தில் ஒட்டிப்போனாலோ தொலைந்துபோனாலோ, ஒரு பழைய தட்டையே ஓடவிட்டு, பொரியும் சத்தத்தைக் கணினியில் துடைத்துவிட்டு அதை வெட்டுவதும் உண்டு. துடைக்கிற கை அளவோடு நிற்காவிட்டால் ஜாலராவும் புல்லாங்குழலின் மூச்சும் சேர்ந்தே போய்விடும். மோனோவில் பதிந்த பாட்டை மெஷினால் இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று பெயர் சூட்டிய தட்டுகளும் உண்டு. குரல் ஒரு மூலையிலும் வயலின் கிணற்றுக்குள்ளும் இருக்கும். மோனோவை மோனோவாகவே கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பூஞ்சணம்

வெயில் ஊர்களில் தட்டு வளையும். நமக்கு அந்தக் கஷ்டம் குறைவு. நம் எதிரி பனியும் ஈரமும். மழைக்காலம் முடிந்து உறையைத் திறந்தால் தட்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி வட்டம் வட்டமாகப் பூஞ்சணம். பழைய தட்டு மோசம் என்று நினைக்கும் சத்தத்தில் பாதி இதுதான். கழுவினால் போய்விடும். இளஞ்சூட்டு நீரில் கோப்பை கழுவும் திரவம் ஒரு துளி, மெல்லிய துணி, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே போகக்கூடாது. லேபிளில் தண்ணீர் படக்கூடாது. கடைசியாகப் பெற்றோல் ஷெட்டில் விற்கும் பட்டரித் தண்ணீரால் அலசுங்கள். அது காய்ச்சி வடித்த நீர், காய்ந்த பிறகு உப்புக்கறை விடாது. பழைய காகித உறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், பூஞ்சணத்தின் விதை அதில்தான் குடியிருக்கிறது.

இந்த வைத்தியம் வினைல் தட்டுக்கு. 78 வேகத் தட்டு வேறு சரக்கு. ஒரு தடவை துரையிடம் வாங்கிய தட்டுக் கட்டுக்குள் இருந்த ஒரு 78இல் பூஞ்சணம் போகவில்லை என்று பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. அழுக்குப் போகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். மூன்றாவது பஞ்சில்தான் விரல் ஒட்டுவது தெரிந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்தில் பள்ளங்களே இல்லை, கண்ணாடி மாதிரி வழவழ. 78 தட்டு அரக்கில் செய்தது. தச்சாசாரி மேசைக்குப் பொலிஷ் அடிக்க அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம், அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. என்ன பாட்டு என்று லேபிளில் இன்னும் வாசிக்கலாம், கேட்கத்தான் முடியாது.

நாலாம் நாள் மழை விட்டது. மருமகன் கொழும்பு ரயிலுக்குப் புறப்பட்டபோது, எந்தத் தட்டைக் கொண்டுபோகிறாய் என்று கேட்டேன். கடைசிப் பாட்டுக்காகப் புதியதையா, 'ஆர் ஓ' எழுத்துக்காகப் பழையதையா?

"ரெண்டும் இங்கயே இருக்கட்டும் மாமா" என்றான். "என்கிட்ட பிளேயர் இல்லயே."